புகை தரையிலேயே கிடக்க வேண்டும்

பேய் வேடம் போட்ட குழந்தைகள் வீடு வீடாக மிட்டாய் கேட்டு வரும் ஹாலோவீனுக்கு, வீட்டு முன் புல்வெளியில் தெர்மாகோல் கல்லறைகளை நட்டு வைக்கிறவர்களுக்கு ஒரு பொது ஆசை உண்டு. அந்தக் கல்லறைகளுக்கு நடுவே, கணுக்கால் உயரத்துக்குப் புகை ஊர வேண்டும். ஃபாக் மெஷினைச் செடி மறைவில் வைத்து அப்படியே ஆன் செய்தால் அது நடக்காது. புகை நேரே மேலே கிளம்பிவிடும். பார்க்கிறவர்களுக்குப் பேய் ஞாபகம் வராது, தோட்டத்தில் யாரோ குப்பை கொளுத்துகிறார்கள் என்றுதான் தோன்றும்.

உடனே பெரிய மெஷின் வாங்கக் கிளம்புகிறவர்களிடம் நான் சொல்வது இதுதான்: 400 வாட் மெஷினே போதும், அந்தப் பணத்தை ஐஸில் போடுங்கள். மெஷினுக்குள் கிளைக்காலோ கிளிசரினோ தண்ணீரில் கலந்த திரவம் சூடான உலோகக் கட்டிக்குள் போய் ஆவியாகிறது. வெளியே வந்து காற்றுப் பட்டதும் நுண்துளிகளாகிறது. அதைத்தான் புகை என்கிறோம். வரும்போதே சூடு, அதனால் மேலே போகிறது. சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர வைத்துவிட்டால் எடை கூடித் தரையில் படுத்துக்கொள்ளும்.

குளிர வைக்க, மூடி போட்ட கூலர் பெட்டி ஒன்று போதும். ஒரு பக்கம் மேலே ஓர் ஓட்டை, எதிர்ப்பக்கம் கீழே ஓர் ஓட்டை, இரண்டிலும் ஒரு துண்டுப் பைப். உள்ளே அடியிலிருந்து கொஞ்சம் உயரத்தில் கம்பி வலை, அதன்மேல் ஐஸ். புகை மேலே நுழைந்து, ஐஸுக்குள் புகுந்து இறங்கி, கீழ்வழியாக வெளியே வர வேண்டும். தூளாக்கிய ஐஸ் வேண்டாம், அது இறுகி வழியை அடைத்துவிடும். சதுரக் கட்டிகளாகப் போட்டால் நடுவே சந்து இருக்கும். உருகும் தண்ணீர் வலைக்கு அடியில் தேங்கும். அது வெளியேறும் ஓட்டை வரை ஏறிவிடாமல் அவ்வப்போது திறந்து விடுங்கள்.

மெஷினின் மூக்கைப் பைப்புக்குள் செருகி டேப் சுற்றாதீர்கள். மூக்கு நல்ல சூடு, பிவிசி இளகிவிடும். தவிர, சில சென்டிமீட்டர் இடைவெளி விட்டால்தான் வெளிக்காற்றும் சேர்ந்து உள்ளே போகும். வெளியே வரும் பைப் அகலமாக இருக்கட்டும். குறுகலான வாய் என்றால் புகை பீய்ச்சி அடிக்கும். வேகமாக வரும் புகை வெளிக்காற்றோடு கலந்து சூடேறி, மறுபடி மேலே போய்விடும். வழிந்து வர வேண்டும், அவ்வளவுதான்.

எங்கள் வீட்டில் ரிமோட் மகள் கையில். கேட்டுக்குப் பக்கத்தில் ஒளிந்துகொண்டு, "அப்பா, இப்ப விடவா?" என்று கேட்டுக்கொண்டே இருப்பாள். தெருமுனையில் குழந்தைகள் தெரிந்ததுமே அழுத்திவிட வேண்டும் என்பது என் கட்டளை. ஐஸைக் கடந்து புகை வருவதற்கு நேரம் பிடிக்கும். கேட்டைத் திறந்த பிறகு அழுத்தினால், அவர்கள் மிட்டாய் வாங்கிக்கொண்டு திரும்பும்போதுதான் கல்லறைக்குப் புகை வந்து சேரும். சின்னச் சின்னதாக விடுவதே நல்லது. தொடர்ந்து அடித்தால் ஐஸும் சீக்கிரம் தீரும், மெஷினும் மறுபடி சூடேறும் வரை கையை விரித்துவிடும்.

காற்றுதான் வில்லன். இலை அசைகிற அளவு காற்றே புல்வெளியைத் துடைத்துவிடும். எந்தப் பக்கமிருந்து காற்று வருகிறதோ அந்தப் பக்கம் பெட்டியை வையுங்கள். முழங்கால் உயரத்தில் ஒரு தடுப்பு இருந்தால் இன்னும் நல்லது. பழைய மரவேலி மாதிரி பெயின்ட் அடித்துவிட்டால் அதுவும் அலங்காரத்தில் சேர்ந்துவிடும். பகலெல்லாம் வெயிலில் காய்ந்த சிமென்ட் தரையைவிட ஈரப் புல்லில் புகை நன்றாகத் தங்கும்.

அப்புறம் விளக்கு. முன்னாலிருந்து வெள்ளை விளக்கு அடித்தால் எல்லாம் வெளிறிவிடும். கல்லறைக்குப் பின்னால், தரையோடு தரையாக ஒரு நீல விளக்கை வைத்துப் பாருங்கள். துளிகள் வெளிச்சத்தைப் பெரும்பாலும் முன்பக்கமாகவே சிதறடிக்கும், அதனால் பின்னொளியில் கொஞ்சம் புகையே நிறையத் தெரியும்.

டிரை ஐஸ், அதாவது உறைந்த கார்பன் டை ஆக்சைடு பற்றி எல்லோரும் கேட்பார்கள். வெந்நீரில் போட்டால் வருகிற வெள்ளைப் புகைக்கு ஈடே கிடையாது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வெந்நீர் ஆறியதும் ஆட்டம் முடிந்தது. அதன் குளிர் மைனஸ் 78.5 டிகிரி செல்சியஸ், வெறுங்கையால் தொட்டால் தோல் போய்விடும். இறுக மூடிய பாத்திரத்தில் வைத்தால் வெடிக்கும். அதிலிருந்து வருவது கார்பன் டை ஆக்சைடு, காற்றைப் போல ஒன்றரை மடங்கு கனம். பள்ளத்திலும் மூடிய கராஜிலும் தேங்கி நிற்கும். குழந்தைகள் குனிந்து முகத்தை நுழைக்கிற இடத்தில் எனக்கு அது வேண்டாம்.

ஃபாக் திரவமும் முழுக்கச் சாது இல்லை. அடிக்கடி படிகிற இடத்தில் வழவழவென்று இருக்கும், அதனால் வாசற்படிப் பக்கம் பைப்பைத் திருப்பாதீர்கள். ஆஸ்துமா உள்ள குழந்தை வருவது தெரிந்தால் மெஷினை முன்கூட்டியே நிறுத்திவிடுங்கள். ஈரப் புல்லில் ஒயர் இழுப்பதால், மின்கசிவு வந்தால் தானே துண்டித்துக்கொள்ளும் பிளக் பாயின்ட்டில் மட்டும் சொருகுங்கள்.