சப்-ஃப்ரேமுக்கு முட்டுக் கொடுத்தேன்

நீண்ட பயணத்துக்கென்று வைத்திருக்கும் பைக்கின் பின்பாதியைப் பிரித்துப் பார்த்தால்தான் தெரியும், பின்னால் ஏற்றும் அத்தனை பாரமும் எவ்வளவு கொஞ்ச இரும்பில் தொங்குகிறது என்று. சீட், பின்னால் உட்காருபவர், டாப் பாக்ஸ், இரண்டு பக்கப் பெட்டிகள், மட்கார்டு, டெயில் லைட் எல்லாம் சப்-ஃப்ரேம் என்ற பின்பக்கத் துணைச் சட்டத்தின் தலையில். என் பைக்கில் அது மெயின் ஃப்ரேமோடு சேருவது மேலே இரண்டு, கீழே இரண்டு என நான்கே எம்8 (8 மில்லிமீட்டர் தடிமன்) போல்ட்டுகளில்.

இந்த இணைப்புக்கு வலுவூட்டும் கிட் ஒன்றை வாங்கத் தூண்டியது ஒரு செம்பொடி. வலப்பக்க மேல் போல்ட்டின் தலையைச் சுற்றி, குங்குமம் சிந்தியதுபோல் ஒரு வளையம். துடைத்துவிட்டு ஓட்டினால் மறுபடி வந்து நின்றது. மழைத் துரு இப்படி வராது. இறுக்கமாக இருக்கவேண்டிய இரண்டு இரும்புப் பரப்புகள் கண்ணுக்குத் தெரியாத அளவில் உரசிக்கொண்டே இருந்தால்தான் இந்தப் பொடி கிளம்பும். பக்கப் பெட்டியைப் பிடித்து ஆட்டினால் சீட்டும் சேர்ந்து அசைந்தது. சைடு பேனலுக்கும் சீட்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளி ஒரு பக்கம் மட்டும் கூடியிருந்தது. மூன்றும் ஒரே சேதியைத்தான் சொல்லின: இணைப்பு தளர்ந்துவிட்டது.

முதலில் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். டாப் பாக்ஸின் நடு, மேல் போல்ட்டிலிருந்து சுமார் 75 சென்டிமீட்டர் பின்னால் இருக்கிறது. பெட்டியும் சாமானும் 12 கிலோ என்றால் எடையைத் தூரத்தால் பெருக்க 9 கிலோகிராம்-மீட்டர் திருப்புவிசை. 70 கிலோ ஆள் 30 சென்டிமீட்டர் பின்னால் உட்கார்ந்தால் 21. இரண்டும் சேர்ந்து 30. மேல் போல்ட்டுக்கும் கீழ் போல்ட்டுக்கும் இடையே உயரம் 20 சென்டிமீட்டர்தான். ஆக மேல் போல்ட்டுகள் இரண்டும் சேர்ந்து 150 கிலோ இழுப்பைத் தாங்க வேண்டும், அதுவும் பைக் சும்மா நிற்கும்போதே. பள்ளத்தில் விழுந்து எழும்போது இது சில மடங்காகும். இதில் ஆளைவிட டாப் பாக்ஸ்தான் பொல்லாதது. ஆள் என்றால் ஃபுட்ரெஸ்டில் காலை ஊன்றி, இடுப்பை லேசாகத் தூக்கி, பாதி அதிர்ச்சியைத் தானே வாங்கிக்கொள்வார். பெட்டி அப்படியே கொண்டுபோய் இரும்பில் இறக்கும்.

இந்த இணைப்பைப் பற்றித் தயாரிப்பாளர்களுக்குள்ளேயே ஒருமித்த கருத்து இல்லை. கவாஸாகி கேஎல்ஆர் 650-ல் 1987-லிருந்து போல்ட்டில் மாட்டும் சப்-ஃப்ரேம்தான். அதன் மேல் போல்ட்டுகள் முறிவது ஊரறிந்த விஷயம், அதற்கென்றே துளையைப் பெரிதாக்கும் கிட்டுகள் உண்டு. 2022 மாடலில் சப்-ஃப்ரேமை மெயின் ஃப்ரேமோடு ஒன்றாக்கிவிட்டார்கள். ஹோண்டா ஆப்பிரிக்கா ட்வின் நேர் எதிர்த்திசையில் போனது. ஒன்றாக இருந்ததை 2020 மாடலில் கழற்றக்கூடிய அலுமினிய சப்-ஃப்ரேமாக மாற்றினார்கள். ஒன்றாக இருந்தால் வலு, ஆனால் வளைந்தால் முழு ஃப்ரேமுக்கும் கேடு. தனியாக இருந்தால் போல்ட்டுதான் பலவீனம், ஆனால் போனால் போகிறதென்று மாற்றிவிடலாம். நான் இரண்டாவது கட்சி. முறியத்தான் வேண்டுமென்றால் போல்ட் முறியட்டும், ஃப்ரேமில் வெல்டு செய்த காது (போல்ட் நுழையும் துளையுள்ள துண்டு) கிழிய வேண்டாம். கிட்டில் எதை மாட்டுவது, எதை எப்படி மாட்டுவது என்பதை இதை வைத்தே முடிவு செய்தேன்.

வந்த கிட்டில் மூன்று சங்கதிகள். மேலே இருக்கும் இரண்டு குட்டை எம்8 போல்ட்டுகளுக்குப் பதிலாக, ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளிவரும் ஒரே நீள எம்10 போல்ட், துளை போடும்போது பிட் கோணாமல் இருக்க வழிகாட்டிப் புஷ்ஷுகளோடு. சப்-ஃப்ரேம் குழாய் வளையும் இடத்தில் கிளாம்ப் போட்டு மாட்டும் இரண்டு தகடுகள். பெட்டி ஸ்டாண்டுகள் இரண்டையும் நம்பர் பிளேட்டுக்குப் பின்னால் இணைக்கும் குறுக்குக் கம்பி.

பிரிக்கும் வேலைதான் பெரும்பொழுதைத் தின்றது. பேட்டரி இணைப்பைக் கழற்றி, பெட்ரோல் டேங்கை இறக்கித் தள்ளி வைத்து, சீட், பேனல், ஸ்டாண்டுகள், சைலன்சர் என்று வரிசையாக வெளியே எடுத்தேன். வயரிங் எந்தக் குழாய்க்கு எந்தப் பக்கம் போகிறது என்பதை ஒவ்வொரு கட்டத்திலும் போட்டோ எடுத்துக்கொண்டேன். ஏர் ஃபில்டர் பெட்டியையும் எடுத்தாக வேண்டும் என்பதால் இன்டேக் வாயில் சுத்தமான துணியை அடைத்து, ஷாக் அப்சார்பரையும் பிளாஸ்டிக் உறையால் மூடினேன். இரும்புச் சீவல் எங்கே போய் ஒளியும் என்று யாராலும் சொல்ல முடியாது.

துளை போடும் முன் விரிசல் இருக்கிறதா என்று பார்த்தே ஆகவேண்டும். ஏற்கெனவே கீறிய குழாய்க்கு மேல் தகடு மாட்டினால் கிட் மருந்தாகாது, மறைப்பாகத்தான் ஆகும். இதற்கு டை பெனட்ரன்ட் என்று ஸ்ப்ரே கிடைக்கிறது. வெல்டைச் சுற்றிப் பெயின்ட்டை நீக்கி, எண்ணெய்ப் பிசுக்கு போகத் துடைத்து, சிவப்புச் சாயத்தை அடித்து, டப்பாவில் சொன்ன நேரம் ஊறவிட்டு, துணியால் துடைத்தபின் வெள்ளை டெவலப்பரை அடிக்க வேண்டும். விரிசல் இருந்தால் உள்ளே போன சாயம் வெள்ளையில் சிவப்புக் கோடாகக் கசியும். எனக்கு மேல் காதுகள் இரண்டும் சுத்தம். பெட்டி ஸ்டாண்டின் ஒரு ப்ராக்கெட்டில் மட்டும் நகக்கீறல் அளவுக்கு ஒரு கோடு தெரிந்தது. அதைத் தனியாக மாற்றிவிட்டேன்.

இந்த இடத்தில் "பேசாமல் வெல்டு வைத்துவிடலாமே" என்ற யோசனை யாருக்கும் வரும். மெல்லிய குழாயில் வெல்டின் சூடு பட்ட ஓரம்தான் அடுத்த விரிசலுக்குப் பிறப்பிடம். சூட்டில் ஃப்ரேம் கோணுவதும் சகஜம். அலுமினியம் என்றால் நிலைமை இன்னும் மோசம், பதப்படுத்திய வலுவில் கணிசமான பங்கு வெல்டு ஓரத்தில் போய்விடும். கைதேர்ந்தவர் செய்தால் சரி. வீட்டு ஓரத்தில் செய்கிற காரியம் இல்லை அது.

துளை வேலைக்கு வருவோம். எம்8 மரை உள்ள துளையின் உள்விட்டம் ஏறக்குறைய 6.8 மில்லிமீட்டர். அதை நேரே 10-க்குத் தாவாமல் 8, 9, 9.8 என்று ஏற்றி, கடைசியில் துளையைத் துல்லிய அளவுக்குச் சீவும் 10 மில்லிமீட்டர் ரீமரை விட்டேன். புஷ்ஷை வைத்து இரண்டு பக்கத்திலிருந்தும் பாதிப் பாதி குடைந்து நடுவில் சந்திக்க வைக்க வேண்டும். டிரில் வேகம் குறைவு, அழுத்தம் சீர், கட்டிங் ஆயில் தாராளம். சீவல் நீலமாக வந்தால் சூடு ஏறிவிட்டது என்று அர்த்தம், நிறுத்திவிட வேண்டும். துளையின் வாயில் நின்ற பிசிறுகளை அரத்தால் எடுத்தேன். போல்ட் கையால் தள்ளினால் போக வேண்டும், தானாக விழக் கூடாது.

எம்10 என்பதால் மட்டும் இந்த மாற்றத்துக்கு மதிப்பு இல்லை. எம்8 மரையின் தாங்கு பரப்பு 36.6 சதுர மில்லிமீட்டர், எம்10-க்கு 58. அது லாபம்தான். அதைவிடப் பெரிய லாபம் போல்ட்டின் நீளம். இறுக்கும்போது போல்ட் மிக மிகக் கொஞ்சமாக நீள்கிறது, அந்த இழுவைதான் இரண்டு பாகங்களையும் அமுக்கிப் பிடிக்கிறது. குட்டைப் போல்ட் நீள்வதே மைக்ரான் கணக்கில் என்பதால், நடுவில் இருக்கும் பெயின்ட் கொஞ்சம் நசுங்கினாலே பிடி போய்விடும். நீளப் போல்ட்டுக்கு அந்த நசுக்கல் ஒரு பொருட்டே இல்லை. அப்படியும் போல்ட் தலையும் வாஷரும் உட்காரும் இடத்தில் பெயின்ட்டைச் சுரண்டி வெற்று இரும்பாக்கினேன், சுற்றிலும் ஜிங்க் பிரைமர் அடித்தேன். ஒன்று கவனிக்க வேண்டும்: வெறும் குழாயின் குறுக்கே போல்ட் போட்டு இறுக்கினால் குழாய் சப்பிவிடும். உள்ளே அதைத் தாங்கும் ஸ்லீவ், அதாவது இன்னொரு சிறு குழல், இருக்க வேண்டும். என் ஃப்ரேமில் குறுக்கே வெல்டு செய்த தடித்த குழாய் இருந்ததால் கவலை இல்லாமல் போயிற்று.

தகடுகள்தான் எனக்குப் பிடிக்கவில்லை. முனைகள் சதுரமாக வெட்டப்பட்டிருந்தன. குழாயின் ஒரு பகுதி திடீரென்று விறைப்பாகி அதே வேகத்தில் திடீரென்று மெலிந்தால், அந்த எல்லையில்தான் எல்லா வளைவும் போய்க் குவியும். முன்பு காதில் வந்திருக்கக்கூடிய விரிசல் இப்போது தகட்டின் முனையில் வரும், அவ்வளவுதான் வித்தியாசம். முனைகளை அரத்தால் தேய்த்து நாக்குப்போல் சரிவாக்கிய பிறகே மாட்டினேன். தகடு ஒட்டுமொத்தமாகத் தேவையா என்றால், முகடு பள்ளமான மண்பாதையில் போகாதவர்களுக்கு வேண்டாம் என்றே சொல்வேன். குறுக்குக் கம்பி அப்படியில்லை, பெட்டிகள் தனித்தனியாக ஆடுவதை நிறுத்துவது அதுதான்.

மாட்டும்போது எந்தப் போல்ட்டையும் முதலிலேயே இறுக்கக் கூடாது. சப்-ஃப்ரேமின் பின்பகுதிக்கு அடியில் ஜாக்கி கொடுத்துத் தாங்கி, எல்லாவற்றையும் தளர்வாகவே கோத்து, பின் ஆக்ஸில் நடுவிலிருந்து பின்பக்கக் கேரியர் துளை வரை இரண்டு பக்கமும் அளந்தேன். பிரிப்பதற்கு முன் 4 மில்லிமீட்டர் வித்தியாசம் இருந்தது, இப்போது 1-க்குள் வந்தது. அப்புறம்தான் டார்க் ரெஞ்ச், அதாவது சொன்ன அளவுக்கு மட்டும் இறுக்க உதவும் ஸ்பேனர். மேல் போல்ட்டுக்கு கிட்டோடு வந்த தாளில் சொன்ன அளவு, தானாகத் தளராதபடி உள்ளே நைலான் வளையம் உள்ள புது நைலாக் நட், உலர்ந்த மரை. எண்ணெய் தடவிய மரையில் அதே அளவு வைத்தால் போல்ட் தேவைக்கு மேல் இழுபடும். கீழே பழைய எம்8 போல்ட்டுகளைத் தூக்கிப் போட்டுவிட்டு, சர்வீஸ் மேனுவல் சொல்லும் அதே ரகத்தில் புதியவை, நடுத்தர வலுவுள்ள நீலத் த்ரெட்லாக்கரோடு (மரை தளராமல் பிடிக்கும் பசை). சிவப்பை அடித்தால் பின்னொரு நாள் கழற்றச் சூடு காட்ட வேண்டியிருக்கும், அப்போது நமக்கே மரை கழன்றுவிடும்.

எல்லாத் தலைகளிலும் பெயின்ட் பேனாவால் ஒரு கோடு, போல்ட்டையும் ஃப்ரேமையும் சேர்த்து. வயரிங் போட்டோவோடு ஒப்பிட்டதில், புதுத் தகட்டின் ஓரம் டெயில் லைட் வயரை உரசும் இடம் ஒன்று தெரிந்தது. ரப்பர் உறை போட்டு வேறு வழியில் திருப்பினேன்.

பைக் வித்தியாசமாக ஓடுகிறதா? ஓடுகிறது. முழுப் பாரத்தில் வளைவில் சாய்க்கும்போது பின்பாதி அரைக்கணம் தாமதமாக வருவதுபோல் இருந்த உணர்வு போய்விட்டது. அந்தப் பெருமையில் பெரும்பங்கு இணைப்பு ஒழுங்காக இறுகியதற்கு, மிச்சம் குறுக்குக் கம்பிக்கு. ஏற்றும் எடையை மட்டும் ஒரு கிலோகூடக் கூட்டவில்லை. தயாரிப்பாளர் சொல்லும் மொத்த எடை வரம்பு டயர், பிரேக், சஸ்பென்ஷன் எல்லாவற்றையும் சேர்த்தது, கிட் போட்டதால் அது மாறாது. டூல்ஸையும் கனமான பூட்டையும் டாப் பாக்ஸிலிருந்து எடுத்துப் பக்கப் பெட்டிகளின் முன்மூலைக்கு மாற்றியிருக்கிறேன்.

100 கிலோமீட்டரிலும் 500-லும் சோதித்தேன். மேல் நட்டை டார்க் ரெஞ்சால் தொட்டுப் பார்க்கலாம். த்ரெட்லாக்கர் காய்ந்த கீழ் போல்ட்டுகளைத் திருப்பிப் பார்த்தால் பிடிமானமே உடையும், அதனால் கோடு நகர்ந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்தேன். நகரவில்லை, செம்பொடியும் இல்லை. இப்போது செயினுக்கு எண்ணெய் விடும்போதெல்லாம் கோடுகளை ஒரு பார்வை பார்ப்பதோடு சரி. பின்பாதி விறைப்பானதில் ஷாக் அப்சார்பர் அடிமட்டம் வரை போய் இடிப்பது நன்றாகத் தெரிய ஆரம்பித்திருக்கிறது. அடுத்த வேலை ஸ்பிரிங்.