அந்தத் துண்டுகளைத் தொடாதீர்கள்

2020 ஜனவரி 3 அன்று இலங்கையின் மலைநாட்டு ஹப்புத்தளையில் அந்நாட்டு விமானப்படையின் வை-12 விமானம் விழுந்து நால்வர் உயிரிழந்தனர். மலையில் விமானம் விழுந்தால் மூடுபனிதான் காரணம் என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். எனக்கு அது போதாது.

சிறிய விமானங்கள் பலவற்றில் கறுப்புப் பெட்டியே இருப்பதில்லை. சிதறிய உலோகம்தான் அங்கே சாட்சி. புரொப்பெல்லரின் இறக்கைகள் எல்லாம் ஒரே விதமாக முறுகியிருந்தால், மோதும்போது இயந்திரம் விசையோடு சுழன்றிருக்கலாம். ஒன்று மட்டும் மடங்கியிருந்தால் முன்பே நின்றிருக்கலாம். எச்சரிக்கை விளக்கின் மின்குமிழில் இழை நீண்டிருப்பதுகூட, அது எரிந்துகொண்டிருந்ததைக் காட்டும்.

தேயிலைத் தோட்டத்துத் தம்பிமாரே, முதலில் உயிரைக் காப்பாற்றப் பாருங்கள். அதற்குப் பிறகு எதையும் நகர்த்தாதீர்கள், நினைவுக்கென்று லயத்து வீட்டுக்கு எடுத்துவராதீர்கள். பிள்ளையை இழந்த தாய்க்குச் சேரவேண்டிய பதில் அது. கைபேசியில் படம் எடுத்திருந்தால் அழிக்காமல் பொலிஸாரிடம் கொடுங்கள்.