அதே பத்து விரல், ஆளுக்கொரு லைவ் ஸ்கேன்

ஊரில் ஆசிரியராக இருந்துவிட்டு கலிபோர்னியா வந்தவர்கள், விடுப்பில் போனவருக்கு மாற்றாகப் பாடம் எடுக்கும் சப்ஸ்டிட்யூட் டீச்சர் வேலையைப் பற்றி விசாரிக்கும்போது, பெரும்பாலும் டிகிரி மதிப்பீட்டைத்தான் பெரிய மலையாக நினைக்கிறார்கள். அது ஒருமுறை முடித்தால் முடிந்தது. முடியாமல் கூடவே வருவது கைரேகை.

கிரீன் கார்டு விண்ணப்பத்துக்காகக் குடியேற்றத் துறையின் மையத்தில் நான் ஏற்கெனவே ரேகை கொடுத்திருந்தேன். அதை எஃப்பிஐயும் சரிபார்த்தாயிற்று. ஆனால் மாநிலத்தில் உரிமம் வாங்க அது உதவாது. 30 நாள் சப்ஸ்டிட்யூட் பெர்மிட்டுக்கு சிடிசி, அதாவது ஆசிரியர்களுக்குச் சான்று கொடுக்கும் மாநில ஆணையம், தன்னுடைய 41-எல்எஸ் படிவத்தோடு போய் லைவ் ஸ்கேன் செய்யச் சொன்னது. ரேகையைக் கணினியில் பதிந்து, குற்றப் பதிவு பார்க்க மாநில நீதித்துறைக்கு (டிஓஜே) அனுப்பும் முறைதான் அது. செய்தேன், பெர்மிட் வந்தது. வேலை தர முன்வந்த டிஸ்ட்ரிக்ட், அதாவது அந்தப் பகுதிப் பொதுப் பள்ளிகளை நடத்தும் பள்ளி மாவட்டம், தன் படிவத்தை நீட்டியது. பக்கத்து டிஸ்ட்ரிக்டிலும் பெயரைக் கொடுத்து வைக்கலாம் என்று போனால் அங்கே இன்னொரு படிவம். சனிக்கிழமை தமிழ்ப் பள்ளியிலும் கேட்டார்கள். சிறுவர் அமைப்புகளுக்கான ஏபி 506 சட்டம் 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. குழந்தைகளோடு நேரடியாகப் பழகும் தன்னார்வலர், மாதத்துக்கு 16 மணி நேரத்துக்கு மேலோ ஆண்டுக்கு 32 மணி நேரத்துக்கு மேலோ வந்தால் அவருக்கும் ரேகைச் சோதனை உண்டு. வாரம் இரண்டு மணி நேரம் பாடம் எடுத்தாலே ஆண்டுக் கணக்கு தாண்டிவிடும்.

“எல்லாம் ஒரே மாநில நீதித்துறைக்குத்தானே போகிறது, அங்கிருந்தே எடுத்துக்கொள்ளக் கூடாதா?” என்று டிஸ்ட்ரிக்டின் எச்ஆர் பெண்மணியிடம் கேட்டேன். படிவத்தின் மேலே இருந்த ஓஆர்ஐ என்ற எண்ணைக் காட்டினார். முடிவு யாருக்குப் போக வேண்டும் என்பதை அந்த எண்தான் சொல்கிறது. குற்றப் பதிவு விவரத்தை, கேட்ட அலுவலகம் கேட்ட காரணத்துக்கு மட்டுமே பயன்படுத்தலாம், தன்னிஷ்டத்துக்கு அடுத்த அலுவலகத்துக்குக் கொடுக்க முடியாது. மாநில உரிமங்களுக்காக எஃப்பிஐ பதிவுகளைத் தருவதே 1972-இல் வந்த ஒரு கூட்டாட்சிச் சட்டத்தின் அடிப்படையில்தான். இன்னொன்றையும் அவர் சொன்னார்: ரேகையை நீதித்துறை வைத்துக்கொள்ளும், பிறகு எப்போதாவது நான் கைதானால் அந்த டிஸ்ட்ரிக்டுக்குத் தகவல் போகும். ஆகவே ஒவ்வொருவரும் தனித்தனியாகப் பதிந்துகொள்கிறார்கள்.

காரணம் நியாயம்தான், மறுக்கவில்லை. என் பதிவை ஊரெல்லாம் பகிராமல் இருப்பது எனக்கும் நல்லது. ஆனால் அந்த நியாயத்துக்கு ஒவ்வொரு முறையும் காசு கொடுப்பது விண்ணப்பிப்பவர் என்பதுதான் உறுத்துகிறது. நான் செய்தபோது மாநிலத்துக்கு 32 டாலர், எஃப்பிஐக்கு 17 டாலர், அதற்கு மேல் ரேகை எடுக்கும் கடைக்காரரின் கூலி. கூலி கடைக்குக் கடை மாறும், நாலு இடத்தில் விசாரியுங்கள். படிவத்தில் பில்லிங் எண் அச்சாகியிருந்தால் அரசுக் கட்டணத்தை அலுவலகமே கட்டிவிடும், கூலி மட்டும்தான் நம் தலையில். அந்தக் கட்டம் காலியாக இருந்தால் எச்ஆரிடம் தயங்காமல் கேளுங்கள்.

அதோடு இதையும் கேளுங்கள்: பக்கத்து டிஸ்ட்ரிக்டுகளோடு ஒப்பந்தம் இருக்கிறதா? பல பள்ளி மாவட்டங்கள் சேர்ந்து ஒரே சோதனை முடிவைப் பயன்படுத்திக்கொள்ள மாநிலக் கல்விச் சட்டத்தில் இடம் இருக்கிறது. கவுண்டி கல்வி அலுவலகத்தில் சொல்வார்கள். எங்கள் பக்கம் அப்படி எதுவும் இல்லை.

இதற்கிடையில் என் ரேகை ஒருமுறை தெளிவில்லை என்று திரும்பி வந்தது. பாத்திரம் தேய்த்தும் சானிடைசர் போட்டும் காய்ந்த விரல்களில் கோடு சரியாக விழவில்லை. இப்படி வந்தால் பதற வேண்டாம், புதிதாகப் பணமும் கட்ட வேண்டாம். நிராகரிப்புக் கடிதத்தையும், பழைய ஏடிஐ எண் (லைவ் ஸ்கேன் செய்யும்போது தரும் அடையாள எண்) உள்ள படிவ நகலையும் எடுத்துப் போனால் அதே எண்ணில் மறுபடி அனுப்பலாம். கடைக்காரர் கூலி கேட்பாரா என்பதை மட்டும் முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். இரண்டாம் முறையும் எஃப்பிஐ நிராகரித்தால் பெயரை வைத்துத் தேடும் சோதனைக்கு அலுவலகம் எழுதிக் கேட்கலாம். நான் ஒரு வாரம் ராத்திரி ராத்திரி தேங்காய் எண்ணெய் தடவினேன், போகிற அன்று மட்டும் எதுவும் தடவவில்லை. ரேகை எடுத்தவர் பெரியவர், பொறுமைசாலி. “நீங்க அழுத்தாதீங்கம்மா, கையை என்கிட்ட விட்டுடுங்க” என்கிற மாதிரி ஆங்கிலத்தில் சொல்லி, ஒவ்வொரு விரலையும் நகத்தின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை உருட்டினார். அந்த முறை ரேகை தேறிவிட்டது.

நம்மவர்களுக்கு விரலைவிடப் பெயர்தான் தொல்லை. பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் சர்நேம், டிரைவிங் லைசென்ஸில் வேறு வரிசை, சான்றிதழில் வெறும் இனிஷியல். லைவ் ஸ்கேனுக்குக் காட்டும் அடையாள அட்டையில் எப்படியோ அப்படியே படிவத்திலும், சிடிசி விண்ணப்பத்திலும் எழுதுங்கள். மற்ற வடிவங்களுக்கு ‘வேறு பெயர்கள்’ என்ற கட்டம் இருக்கிறது, அதில் போடலாம்.

ஏடிஐ எண்ணையும் பிறந்த தேதியையும் வைத்து நீதித்துறைத் தளத்தில் நிலவரம் பார்க்கலாம். சோதனை முடிந்ததா இல்லையா என்பது மட்டும்தான் தெரியும், முடிவு அலுவலகத்துக்கே போகும்.

ஒரு டிஸ்ட்ரிக்டை விட்டு விலகினால், இவர் இனி எங்களிடம் இல்லை என்று அவர்கள் நீதித்துறைக்குத் தெரிவித்து உங்கள் பதிவை விடுவிக்க வேண்டும். அதன் பிறகு அதே டிஸ்ட்ரிக்டுக்குத் திரும்பிப் போனாலும் மறுபடி லைவ் ஸ்கேன்தான். அதனால், கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போகிறவர்கள், சப்ஸ்டிட்யூட் பட்டியலில் பெயர் தொடருமா என்று எச்ஆரிடம் கேட்டுவிட்டு விமானம் ஏறுங்கள்.