ஒரு ஸ்டெப்புக்கு 9 மீட்டர்: மூன்று வாரம் என்னைப் பிடித்து வைத்த பிழை

ஏவுகணையிடமிருந்து ஒரு விமானம் கடைசி நேரத்தில் திரும்பித் தப்புவதைக் கணினியில் ஓட்டிப் பார்க்கிறேன். நேற்று ராத்திரி பதினொன்றரை மணிக்கு அதில் எனக்கு வந்த வளைவு ஒருவழியாகச் சூத்திரத்தின் வளைவோடு ஒட்டிக்கொண்டது. மூன்று வாரம் ஆயிற்று. சந்தோஷத்தில் தூக்கம் வரவில்லை, அதனால் எழுதிவிடுகிறேன்.

பைத்தானில் இரு பரிமாண மாதிரி. விமானமும் ஏவுகணையும் எதிரெதிரே வருகின்றன, நெருங்கும் வேகம் நொடிக்கு 900 மீட்டர். வழிகாட்டல் வழக்கமான புரோபோர்ஷனல் நேவிகேஷன்: ஏவுகணையிலிருந்து இலக்குக்குப் போகும் பார்வைக்கோடு எவ்வளவு வேகமாகச் சுழல்கிறதோ, அதே விகிதத்தில் ஏவுகணை திரும்பும். அந்த விகிதத்தின் மாறிலி 3. ஏவுகணை கட்டளைக்கு இணங்க எடுக்கும் தாமதம் 0.5 நொடி. இந்தத் தாமதத்தைச் சேர்க்காமல் விமானத்தை எப்படித் திருப்பினாலும் அடி விழும். தப்பிப்பதைப் பற்றிப் பேசவே இடமில்லை. விமானம் 7ஜி-யில் (புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல ஏழு மடங்கில்) திடீரென்று திரும்புகிறது. மோதலுக்கு எத்தனை நொடி முன்னால் திரும்பினால் ஏவுகணை எவ்வளவு தூரத்தில் தவறும்? என் கேள்வி அவ்வளவுதான்.

கோணங்கள் சிறியவை என்று வைத்து எளிமையாக்கிய நேர்கோட்டுக் கணக்கில் இதற்கு அழகான விடை உண்டு. மாறிலி 3 என்றால், தாமதத்தைப் போல இரண்டு மடங்கு நேரம் மிச்சமிருக்கும்போது திரும்புவதே உச்சம். என் எண்களுக்கு 1 நொடி முன்னால், தவறும் தூரம் சுமார் 4.6 மீட்டர். 3 நொடி முன்னாலேயே திரும்பினால் 77 சென்டிமீட்டர்தான். ஏவுகணைக்குத் திருத்திக்கொள்ள நேரம் கிடைத்துவிடுகிறது. 0.1 நொடி இருக்கும்போது திரும்பினால் விமானம் நகரவே நேரமில்லை, 28 சென்டிமீட்டர்.

எனக்கு வந்ததோ வழுவழுப்பான வளைவல்ல, ரம்பப் பல். பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகள் 1 மீட்டர், 5 மீட்டர், 2 மீட்டர் என்று குதித்தன. முதலில் கோணத்தைச் சந்தேகப்பட்டேன். பார்வைக்கோட்டின் கோணத்தை ஆர்க்டேன் (டேன்ஜென்ட்டின் தலைகீழ்) போட்டு எடுத்து, முந்தைய கோணத்தைக் கழித்துக்கொண்டிருந்தேன். 180 பாகையைத் தாண்டும் இடத்தில் அது ஒரு முழுச் சுற்று தாவும். அதைத் தூக்கிவிட்டு, சார்பு நிலை, சார்பு வேகம் இரண்டின் குறுக்குப் பெருக்கலைத் தூரத்தின் வர்க்கத்தால் வகுத்தேன். கோணமே வேண்டாம், சுழற்சி வீதம் நேராக வந்துவிடுகிறது. (1958 செப்டம்பரில் தைவான் நீரிணைக்கு மேல் முதன்முதலாகப் போரில் ஏவப்பட்ட சைட்வைண்டர் என்ற அமெரிக்க ஏவுகணையும் கோணங்களைக் கழித்துப் பார்க்கவில்லை. இலக்கின் பக்கம் தன் கைரோவை (வேகமாகச் சுழலும் சக்கரத்தை) திருப்பத் தேவைப்பட்ட விசையே அதற்குச் சுழற்சி வீதம். அந்த வடிவமைப்பை நினைத்தால் இன்றும் மெய்சிலிர்க்கிறது.)

பல் போகவில்லை. ஒரு வாரம் தாமதக் கணக்கையே மாற்றி மாற்றி எழுதினேன். பிழை அங்கே இல்லை. டைம் ஸ்டெப் (கணக்கு ஒவ்வொரு முறையும் முன்னேறும் நேரம்) 0.01 நொடி, நொடிக்கு 900 மீட்டர் வேகத்தில் ஒரு ஸ்டெப்புக்கு 9 மீட்டர். இரண்டு ஸ்டெப்புக்கு நடுவில் மோதல் நடந்தால் நான் குறித்துக்கொள்ளும் மிகக் குறைந்த தூரம் 4.5 மீட்டர் வரை பொய்யாக இருக்கும். நான் தேடிய உச்சமே 4.6! ஸ்டெப்பை 0.0001 ஆக்கினால் சரியாகிறது, ஆனால் என் பழைய லேப்டாப்பில் ஒரு வளைவுக்கு முழு மாலையும் போகிறது. அதனால் நெருங்கும் வேகம் குறி மாறும், அதாவது நெருங்குவது விலகுவதாக மாறும் ஸ்டெப்பை மட்டும் பிடித்து, அதற்குள் இரண்டும் நேர்கோட்டில் போவதாக வைத்து, மிக அருகே வரும் கணத்தைக் கணக்கிட்டேன். இரண்டே வரி. ஸ்டெப்பை மாற்றவேயில்லை. பல் மறைந்தது.

3 நொடிக்கு மேலே இன்னும் கொஞ்சம் விலகுகிறது. அதற்குள் விமானம் 50 பாகை போலத் திரும்பிவிடுவதால் நேர்கோட்டுக் கணக்கு அங்கே செல்லாது என்று நினைக்கிறேன், சரிபார்க்கவில்லை. ஏவுகணைக்கு 30ஜி வரம்பும் இன்னும் போடவில்லை.

அதற்குள் மனசு முப்பரிமாணத்துக்குப் போய்விட்டது. சரியாக 1 நொடி முன்னால் என்று எந்த விமானிக்குத் தெரியும்? தொடர்ந்து பேரல் ரோல் (திருகுச் சுருள் போலச் சுழன்றபடியே பறப்பது) போட்டால் எந்த வேகச் சுற்று அதிகம் தவறவைக்கிறது என்று பார்க்க வேண்டும். கையால் ஓட்டிப் பார்க்கலாமென்று பழைய ஜாய்ஸ்டிக் ஒன்று வாங்கினேன். நடுவில் விட்டாலும் இடப்பக்கம் இழுக்கிறது, விற்றவர் பதிலே சொல்வதில்லை. கைப்பிடியின் நிலையை அளக்கும் பொட்டென்ஷியோமீட்டரைக் கழற்றித் துடைத்து, ஞாயிற்றுக்கிழமை மறுபடி மாட்டிப் பார்க்கிறேன்.