ஞாயிற்றுக்கிழமைக்கென்று ஒரு வீடு

ஆஸ்டினிலிருந்து 290ஆம் எண் நெடுஞ்சாலையில் மேற்கே ஒன்றரை மணி நேரம் சென்றால் ஃபிரெடரிக்ஸ்பர்க் வந்துவிடும். வழியில் ஸ்டோன்வாலில் பீச் பழக் கடைகளைக் கண்டு வண்டியை நிறுத்தியதால் எங்களுக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. டெக்சஸ் மாநிலத்தில் சுமார் 11,000 பேர் வாழும் இச்சிற்றூரின் கடைத்தெருவில் ஜெர்மன் மொழிப் பெயர்ப்பலகைகள் நிறையத் தென்பட்டாலும், அவற்றில் பாதி பயணிகளுக்காகப் பூசிய அரிதாரம் என்றே எனக்குப் பட்டது. நான் பார்க்க வந்தது அங்குள்ள பயனியர் அருங்காட்சியகத்தில் நிற்கும் ஒரு சின்னஞ்சிறு மரவீட்டை.

ஜெர்மன் பிரபுக்கள் சிலர் கூடி அமைத்த குடியேற்றச் சங்கம், டெக்சசுக்கு வரும் குடும்பம் ஒவ்வொன்றுக்கும் 320 ஏக்கர் நிலம் தருவதாக வாக்களித்திருந்தது. அதை நம்பிக் கப்பலேறியவர்களுள் பலர், 1846இல் மெக்சிகோவுடன் போர் மூண்டு வண்டிகளையெல்லாம் படையினர் அமர்த்திக்கொண்டதால், இந்தியானோலா கடற்கரையிலேயே சிக்கி நோய்க்கு இரையாயினர். அவ்வாண்டு மே 8 அன்று இவ்வூருக்கு வந்து சேர்ந்த முதல் தொகுதியினருக்குக் கிடைத்ததோ, ஊருக்குள் அரை ஏக்கர் மனையும் வெளியே பத்து ஏக்கர் நிலமுந்தான். வாக்களிக்கப்பட்ட நிலம் லானோ ஆற்றுக்கு அப்பால், கொமாஞ்சே என்னும் பூர்வகுடி மக்களின் வேட்டைப் பகுதியில் இருந்தது. சங்கத்தின் ஆணையராக இருந்த மோய்செபாக், தமது பிரபுப் பட்டத்தைத் துறந்தவர், 1847இல் நேரே சென்று கொமாஞ்சே தலைவர்களுடன் உடன்படிக்கை செய்துகொண்டார். நிலத்தைத் தாளில் அளந்து கொடுத்த பிரபுக்களைவிட, ஆற்றைக் கடந்து போய்ப் பேசிய இவர்மீதே எனக்கு மதிப்பு மிகுந்தது.

காலப்போக்கில் குடியேறியவர்கள் ஊருக்கு வெகு தொலைவில் பண்ணைகளும் மாட்டு மந்தைகளும் அமைத்துக்கொண்டனர். கடையும் தேவாலயமும் ஊரில்தான் இருந்தன. காலையில் குதிரை வண்டியில் வந்து, அன்றே திரும்புவது பலருக்கு இயலாது. அதனால் 1890களிலிருந்து, வார இறுதிக்கு மட்டும் தங்குவதற்கென்று ஊருக்குள் சிறு வீடுகளைக் கட்டத் தொடங்கினர். அவற்றின் பெயரே ஞாயிறு வீடு. சனிக்கிழமை வந்து வெண்ணெயும் முட்டையும் விற்று, வேண்டிய சாமான்களை வாங்கி, மாலையில் உறவினரைக் கண்டு பேசி, மறுநாள் வழிபாடு முடிந்ததும் பண்ணைக்குத் திரும்புவார்கள்.

அருங்காட்சியகத்தில் உள்ள வீடு 1904இல் வெபர் குடும்பத்தார் கட்டியது. உள்ளே நின்றால் நான்கு எட்டில் சுவர் வந்துவிடுகிறது. பொதுவாக இவ்வீடுகளில் கீழே ஓர் அறை, சிலவற்றில் பின்புறம் ஒரு சாய்ப்புச் சமையலறை, மேலே பிள்ளைகள் உறங்கும் பரண், அவ்வளவே. பரணுக்கு ஏறும் படிக்கட்டைப் பல வீடுகளில் வெளிச்சுவரை ஒட்டி அமைத்திருக்கிறார்கள். இருக்கும் ஒற்றை அறையில் படிக்கட்டுக்கும் இடம் கொடுத்தால் கட்டில் எங்கே போடுவது என்று கணக்குப் பார்த்திருப்பார்கள் என்று எண்ணிக்கொண்டேன்.

ஊர்ச் சதுக்கத்தில் எட்டு பக்கங்களுடன் ஒரு கட்டடம் நிற்கிறது. 1847இல் எழுந்து, எல்லாப் பிரிவினருக்கும் தேவாலயமாகவும் பள்ளியாகவும் பயன்பட்ட கூடத்தின் மறு உருவம் இது. வடிவத்தைப் பார்த்து அதைக் காப்பிக்கொட்டை அரைக்கும் எந்திரம் என்று அழைத்தார்களாம். ஊராரின் பேச்சும் அப்படித்தான் வளர்ந்தது. ஜெர்மனியில் காணாத ஸ்கங்க் என்னும் விலங்குக்கு நாற்றப் பூனை எனப் பொருள்படும் ஷ்டிங்கட்சே என்ற சொல்லை டெக்சஸ் ஜெர்மானியர் வழங்கினர். முதல் உலகப் போர்க்காலத்து வெறுப்பும் பள்ளிகளில் வந்த ஆங்கிலக் கட்டாயமும் அம்மொழியை வீட்டுக்குள் ஒடுக்கிவிட்டன. இன்று அதைப் பேசுவோர் முதியவர்களே.

ஞாயிறு வீடுகளின் தேவை மோட்டார் வண்டி வந்ததும் குறைந்தது. ஆனால் அவை உடனே பூட்டப்படவில்லை. பண்ணையை மகனிடம் ஒப்படைத்த பெற்றோர் பலர், மருத்துவரும் தேவாலயமும் அருகில் இருக்கட்டும் என்று அந்த ஓரறை வீட்டுக்கே நிரந்தரமாகக் குடிவந்தனர்.