சரிந்த தளமும் பதினோரு மாத வேலையும்

நானும் என் தங்கையும் 2017 முதல் மாடித்தோட்டம் குறித்துத் தமிழில் ஓர் இணையதளம் நடத்தி வருகிறோம். தோட்டம் அவளுடையது, மதுரையில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் கத்தரி, வெண்டை, தக்காளி, கீரை வகைகளை வளர்க்கிறாள். எழுதுவதும் தளத்தின் தொழில்நுட்ப வேலைகளும் என் பொறுப்பு. 2023 செப்டம்பர் நடுவில் கூகுள் தேடல் வழியாக வரும் வாசகர்களின் எண்ணிக்கை குறையத் தொடங்கியது. அக்டோபர் இரண்டாம் வாரத்தில், முந்தைய ஆண்டின் அதே வாரத்தில் வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கினர்தான் வந்தனர். அங்கிருந்து ஓரளவு மீண்டு வரப் பதினோரு மாதங்கள் ஆயின. அந்த மாதங்களில் எதைச் சரியாகச் செய்தோம், எதில் நாட்களை வீணாக்கினோம் என்பதை, இதே நிலையில் இருக்கும் தமிழ்த் தளத்தார்க்குப் பயன்படும் என்று நம்பி எழுதுகிறேன்.

முதல் இரண்டு வாரங்கள் சரிவை நான் சரிவாகவே எண்ணவில்லை. எங்கள் துறையில் தேடலுக்கும் பட்டம் உண்டு. ஆடிப்பட்டத்தை ஒட்டி விதை, மண்கலவை, தொட்டி என்று மக்கள் தேடித் தேடி வருவார்கள்; ஆவணி கடந்ததும் அந்த வேகம் தணிந்துவிடும். ஆகவே ஆகஸ்டையும் செப்டம்பரையும் அருகருகே வைத்துப் பார்த்தபோது, ஒவ்வோர் ஆண்டும் நடப்பதுதான் நடக்கிறது என்று விட்டுவிட்டேன். தளம் தேடலில் எப்படித் தெரிகிறது என்று அதன் உரிமையாளருக்குக் கூகுள் காட்டும் கருவியான சர்ச் கன்சோல் பதினாறு மாதத் தரவை வைத்திருக்கிறது; சென்ற ஆண்டின் அதே நாட்களோடு ஒப்பிட அதுவே போதும். அப்படி ஒப்பிட்டுப் பார்த்த அன்றுதான் உண்மை தெரிந்தது. பருவகால வேறுபாட்டைக் கழித்த பிறகும் பெரிய பள்ளம் ஒன்று எஞ்சியிருந்தது. அது தொடங்கிய நாள், கூகுள், மக்களுக்குப் பயன்படாத பக்கங்களைப் பின்னுக்குத் தள்ளும் தன் பயனுள்ள உள்ளடக்க அப்டேட்டை வெளியிடத் தொடங்கிய செப்டம்பர் 14-ஐ ஒட்டியே இருந்தது. அந்த அப்டேட் செப்டம்பர் 28-இல் முழுமையடைந்தது; எங்கள் வரைபடக் கோடும் அதே நாட்களில்தான் தரைதட்டியது.

நாள் பொருந்துகிறது என்பதாலேயே காரணம் உறுதியாகிவிடாது. அதனால் ஒவ்வொரு பக்கமாக எடுத்து மூன்று எண்களைத் தனித்தனியே பார்த்தேன்: எத்தனை முறை முடிவுகளில் தோன்றியது (இம்ப்ரெஷன்), எத்தனை கிளிக் வந்தது, சராசரியாக எத்தனையாவது இடத்தில் நின்றது. இந்த மூன்றையும் சேர்த்தே படிக்க வேண்டும் என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். இடம் மாறாமல் இம்ப்ரெஷன் மட்டும் குறைந்திருந்தால், அந்தப் பொருளைத் தேடுவோரே குறைந்திருக்கிறார்கள் என்று பெரும்பாலும் கொள்ளலாம். இடமும் இம்ப்ரெஷனும் அப்படியே இருக்க கிளிக் மட்டும் குறைந்திருந்தால், முடிவுப் பக்கத்தின் தோற்றத்தில் ஏதோ மாறியிருக்கிறது. இடமே பின்னுக்குப் போயிருந்தால்தான் அது தரவரிசை மாற்றம்.

எங்கள் தளத்தில் இந்த மூன்று வகையும் கலந்து கிடந்தன. சுமார் முப்பது பக்கங்களில் இடம் துளியும் மாறவில்லை. கிளிக் மட்டும் குறைந்திருந்தது. அந்தப் பக்கங்கள் அனைத்திலும் கேள்வி பதில் ஸ்கீமா (தேடுபொறி படிப்பதற்கான குறியீடு) போட்டிருந்தேன். முடிவுகளில் எங்கள் இணைப்புக்குக் கீழே கேள்விகள் விரியும் வகையில் தெரிந்தன. 2023 ஆகஸ்டில் கூகுள் அந்த வசதியை நன்கறியப்பட்ட அரசுத் தளங்களுக்கும் மருத்துவத் தளங்களுக்கும் மட்டும் என்று சுருக்கிக்கொண்டது. அந்த இழப்புக்கும் செப்டம்பர் அப்டேட்டுக்கும் தொடர்பே இல்லை. இதைப் பிரித்தறியாமல் விட்டிருந்தால், எந்தக் குறையும் இல்லாத முப்பது கட்டுரைகளை அடித்துத் திருத்தியிருப்பேன். மீதமிருந்த பெரும்பாலான பக்கங்கள் மூன்று, நான்காம் இடங்களிலிருந்து இருபதுக்கும் அப்பால் போயிருந்தன. அதுவும் நன்றாக எழுதியவை, மோசமாக எழுதியவை என்ற வேறுபாடு இல்லாமல் எல்லாமே சேர்ந்து இறங்கியிருந்தன. தளம் முழுவதையும் ஒரே மதிப்பீடு தொட்டிருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் எனக்குக் கிடைக்கவில்லை.

இந்த இடத்தில் ஒரு நிறுவனத்தின் யோசனையைக் கேட்டு ஒன்றரை மாதத்தை இழந்தேன். எஸ்.இ.ஓ. பணி, அதாவது தளங்களைத் தேடலில் முன்னுக்குக் கொண்டுவரும் பணி செய்யும் அந்த நிறுவனத்தார், பிற தளங்களிலிருந்து உங்களுக்கு வந்துள்ள மோசமான பேக்லிங்க்குகளே (இணைப்புகளே) காரணம், அவற்றையெல்லாம் டிஸவோ செய்ய வேண்டும், அதாவது கணக்கில் கொள்ள வேண்டாம் என்று கூகுளிடம் சொல்ல வேண்டும் என்றார்கள். அது பழைய காலத்து மருந்து. 2012 ஏப்ரலில் வந்த பெங்குவின் அப்டேட் செயற்கையான இணைப்புகளைக் குறிவைத்தது. பாதிக்கப்பட்டவர்கள் அவற்றைக் கைவிடுவதற்காக அதே ஆண்டு அக்டோபரில் டிஸவோ கருவி வந்தது. ஆனால் 2016 செப்டம்பரில் பெங்குவின் அடிப்படை அல்காரிதத்துக்குள் சேர்ந்த பிறகு, கூகுள் அத்தகைய இணைப்புகளைப் பெரும்பாலும் கணக்கில் கொள்ளாமல் விட்டுவிடுகிறது. பெரும்பாலான தளங்களுக்கு அந்தக் கருவி தேவைப்படாது என்று அதன் உதவிப் பக்கமே சொல்கிறது. சர்ச் கன்சோலில் எங்கள் மீது, கூகுள் ஊழியர் நேரில் பார்த்து விதிக்கும் தண்டனையான மேனுவல் ஆக்‌ஷன் எதுவும் இல்லை. இவையெல்லாம் தெரிந்திருந்தும், பதற்றத்தில் சரி என்று தலையாட்டினேன். நூற்றுக்கணக்கான இணைப்புகளைப் பட்டியலிட்டு அனுப்பினோம். எந்த மாற்றமும் நிகழவில்லை.

வேகத்தையும் சரிசெய்தேன். தங்கை கைப்பேசியில் எடுத்த நான்கு எம்.பி. படங்களை அப்படியே ஏற்றி வைத்திருந்ததால், பக்கத்தின் முதன்மைப் படம் தோன்ற ஐந்து விநாடிக்கு மேல் ஆனது. படங்களைச் சுருக்கி, கூகுள் நல்லது என்று வரையறுத்த 2.5 விநாடிக்குள் கொண்டுவந்தேன். வாசகர்களுக்கு இது நிச்சயம் நன்மை, நான் வருந்தவில்லை. ஆனால் தரவரிசை இம்மியும் நகரவில்லை. நோய் வேறு இடத்தில் இருந்தது.

அந்த இடத்தைக் காட்டியவர் தூத்துக்குடியிலிருந்து எழுதிய ஒரு வாசகர். நவம்பர் மாதம் ஒரு காலையில் வாட்ஸ்அப்பில் இரண்டு ஸ்கிரீன்ஷாட் அனுப்பி, “தம்பி, ஒரு பக்கத்துல பஞ்சகவ்யம் லிட்டருக்கு முப்பது மில்லின்னு போட்டிருக்கீங்க. இன்னொரு பக்கத்துல மூணு மில்லின்னு இருக்கு. நான் எதைத் தெளிக்கிறது?” என்று கேட்டிருந்தார். இரண்டு பக்கங்களும் எங்களுடையவைதாம். பஞ்சகவ்யத்தை 3 சதவீதக் கரைசலாகத் தெளிப்பதே பொதுவான பரிந்துரை; தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் அதையே சொல்கிறது. 3 சதவீதம் என்றால் லிட்டருக்கு 30 மி.லி. நாங்கள் கூலிக்கு எழுதவைத்த ஒருவர் சதவீதத்தை மில்லிலிட்டராக எழுதிவிட்டார். நான் படிக்காமலேயே வெளியிட்டுவிட்டேன். “முப்பதுதாம்மா சரி, தப்பு எங்க மேலதான், இன்னைக்கே மாத்திடறேன்” என்று பதில் அனுப்பினேன்.

அன்று மாலை பஞ்சகவ்யம் என்ற ஒரு பொருளுக்கு மட்டும் எத்தனை பக்கங்கள் வைத்திருக்கிறோம் என்று எண்ணினேன். ஒன்பது. தயாரிப்பது எப்படி, செய்முறை, பயன்கள், பயன்படுத்தும் முறை, செடிகளுக்கு, பூச்செடிகளுக்கு, மாடித்தோட்டத்துக்கு என்று கீவேர்டு கருவி காட்டிய ஒவ்வொரு சொற்றொடருக்கும் ஒரு பக்கம். எட்டுப் பக்கங்களில் இருந்தது அதே மூன்று பத்திதான், சொற்களை மட்டும் மாற்றி மாற்றி. தங்கை என் அருகில் உட்கார்ந்து அவற்றைப் படித்தாள். “அண்ணா, பஞ்சகவ்யத்தைத் துணியில வடிகட்டாம ஸ்ப்ரேயர்ல ஊத்தினா நாசில் அடைச்சுக்கும். நாலு வருஷமா நான் படுற பாடே அதுதான். ஒன்பது பக்கத்துல ஒண்ணுல கூட அது இல்லையே” என்றாள். தேடி வந்தவருக்கு உண்மையில் தேவைப்பட்ட செய்தி எங்கள் மாடியில் இருந்தது. எங்கள் தளத்தில் இல்லை. கூகுளின் கணக்கீடு உள்ளுக்குள் எப்படி நடந்தது என்பதை வெளியிலிருப்பவர் அறிய முடியாது. ஆயினும் அந்த மாலைக்குப் பிறகு எங்கள் தளம் இறங்கியதை நான் அநியாயம் என்று எண்ணவில்லை.

பயனுள்ள உள்ளடக்கத்தைக் கணிக்கும் அந்த முறை 2022 ஆகஸ்டில் ஆங்கிலத் தேடலுக்கு மட்டும் வந்தது. அதே ஆண்டு டிசம்பரில் எல்லா மொழிகளுக்கும் விரிந்தது. தமிழில் போட்டி குறைவு, நம்மை யாரும் கவனிக்கப் போவதில்லை என்று நம்பியவர்களில் நானும் ஒருவன். அந்த முறையின் தன்மை, தளத்தில் பயனற்ற பக்கங்கள் மிகுந்திருந்தால் நல்ல பக்கங்களும் சேர்ந்து பின்தங்க நேரிடும் என்பதுதான். ஆகவே வெற்றிபெறும் என்று தோன்றும் பத்துப் பக்கங்களை மட்டும் மெருகேற்றுவதில் பயனில்லை. மொத்தத் தளத்தையும் சலித்தெடுக்க வேண்டியிருந்தது.

எங்களிடம் 412 கட்டுரைகள் இருந்தன. ஒரு விரிதாளில் அனைத்தையும் இறக்கி, ஒவ்வொன்றுக்கும் ஒரே கேள்வியைத் தங்கையிடம் கேட்டேன்: இதை நாம் செய்து பார்த்திருக்கிறோமா? ஆம் என்ற 140 கட்டுரைகளை வைத்துக்கொண்டோம். ஒரே பொருளை வெவ்வேறு தலைப்பில் பேசிய 118 கட்டுரைகளை 37 ஆக ஒன்றிணைத்தோம். மீதி 154-ஐ நீக்கினோம். இணைக்கும்போது பழைய முகவரிகளை 301 என்ற நிரந்தரத் திருப்பல் வழியாகப் புதிய பக்கத்துக்குத் திருப்பினோம். ஈடான பக்கம் இல்லாதவற்றுக்கு, பக்கம் நிரந்தரமாக நீக்கப்பட்டது என்று சொல்லும் 410 குறியீட்டைக் கொடுத்தோம். நீக்கிய எல்லாவற்றையும் முகப்புப் பக்கத்துக்குத் திருப்பிவிடும் பழக்கம் பலரிடம் இருக்கிறது. பொருத்தமில்லாத அத்தகைய திருப்பலைக் கூகுள் இல்லாத பக்கமாகவே கருதுவதால் அதைத் தவிர்த்தோம். எந்தப் பக்கத்தோடு எதை இணைப்பது என்பதை ஊகத்தில் முடிவுசெய்யவில்லை. சர்ச் கன்சோலில் ஒரு தேடற்சொல்லைத் தேர்ந்தெடுத்து, அதற்கு எங்கள் பக்கங்களில் எவையெவை மாறி மாறித் தோன்றுகின்றன என்று பார்த்தோம். ஒரே சொல்லுக்கு நான்கு பக்கங்கள் போட்டியிட்ட இடங்களில் எல்லாம் ஒன்றிணைக்கும் வேலை காத்திருந்தது.

நீக்குவது எளிதாக இருக்கவில்லை. சில கட்டுரைகள் முன்பு மாதம் ஆயிரக்கணக்கில் வாசகர்களைக் கொண்டுவந்தவை; இப்போது விழுந்துவிட்டாலும் மீண்டும் எழுந்துவிடாதா என்ற ஆசை இருந்தது. ஜனவரிதோறும் தலைப்பில் ஆண்டை மட்டும் மாற்றித் தேதியைப் புதுப்பித்துவந்த கட்டுரைகளையும் விட்டுவைக்கவில்லை. உள்ளடக்கம் மாறாமல் தேதியை மட்டும் மாற்றுகிறீர்களா என்பது, தளத்தார் தங்களையே கேட்டுக்கொள்ளக் கூகுள் தரும் கேள்விகளில் ஒன்று. குறிப்பிட்ட சொல் எண்ணிக்கையைக் கூகுள் விரும்புகிறது என்று கேள்விப்பட்டு அதற்காக எழுதுகிறீர்களா என்ற கேள்வியும் அதில் உண்டு. அப்படி எந்த எண்ணிக்கையும் இல்லை என்ற விடையும் அங்கேயே இருக்கிறது. எங்கள் எழுத்தாளர்களுக்கு நான் வைத்திருந்த முதல் விதியே ஆயிரம் சொல்லுக்குக் குறையக்கூடாது என்பதுதான்.

கூகுள் தன் தரவரிசை முறையில் அவ்வப்போது செய்யும் விரிவான மாற்றத்துக்குக் கோர் அப்டேட் என்று பெயர். 2024 மார்ச் 5 அன்று தொடங்கிய கோர் அப்டேட் ஏப்ரல் 19 வரை, 45 நாட்கள் நடந்தது. பயனுள்ள உள்ளடக்க முறையைத் தனியாக வைத்திருக்காமல் அடிப்படைத் தரவரிசை அமைப்புக்குள்ளேயே கொண்டுவந்துவிட்டதாகக் கூகுள் அப்போது அறிவித்தது. நாங்கள் ஐந்து மாத வேலையை முடித்திருந்தோம், மீள்வோம் என்று காத்திருந்தோம், மேலும் இறங்கினோம். அந்த நாட்களில் தங்கை தளத்தின் பேச்சையே எடுக்கவில்லை. வெளியீடு நடந்துகொண்டிருக்கும்போது தரவரிசை நாளுக்கு நாள் ஏறி இறங்கும். அதைக் கண்டு தளத்தில் கைவைத்தால், எது எதனால் நிகழ்ந்தது என்பதே பிறகு தெரியாமல் போய்விடும். ஆதலால் திருத்துவதை நிறுத்திவிட்டு, புதிதாக எழுதுவதை மட்டும் தொடர்ந்தோம். வாரம் ஒன்று, தங்கை செய்து பார்த்தது, அவள் எடுத்த படங்களோடு.

ஆகஸ்ட் 15 அன்று அடுத்த கோர் அப்டேட் தொடங்கிச் செப்டம்பர் 3-இல் முடிந்தது. முதல் சில நாட்களில் வேறொரு தரவரிசைக் கோளாறும் இருந்ததாகக் கூகுள் தேடலின் நிலையை அறிவிக்கும் பக்கம் தெரிவித்ததால், அந்த நாட்களின் எண்களை நான் பொருட்படுத்தவில்லை. முடிந்து ஒரு வாரம் கழித்தே சென்ற ஆண்டோடு ஒப்பிட்டேன். இழந்ததில் ஏறத்தாழ பாதி திரும்பியிருந்தது. ஒன்றிணைத்த 37 பக்கங்களில் 26 முதல் பத்து இடங்களுக்குள் வந்திருந்தன. பஞ்சகவ்யத்துக்கான ஒரே பக்கம் நான்காம் இடத்தில் நின்றது.

திரும்பாத பதினொன்றையும் ஒவ்வொன்றாகத் தேடிப் பார்த்தேன். ஐந்து தேடல்களில் இப்போது முதலில் வருபவை காணொளிகள். கவாத்து செய்வதை எழுத்தில் படிப்பதைவிடக் கண்ணால் பார்ப்பதையே நானும் விரும்புவேன் என்பதால் அவற்றில் எனக்குக் குறையில்லை. மற்ற ஆறில் எங்கள் பக்கம் இன்னும் மெலிந்துதான் இருக்கிறது. மாவுப்பூச்சி குறித்த பக்கத்தில் வேப்பெண்ணெய்க் கரைசலைத் தெளிக்கச் சொல்லியிருக்கிறோமே தவிர, தெளித்த மூன்றாம் நாளும் பத்தாம் நாளும் இலை எப்படி இருக்கும் என்று காட்டவில்லை. மேற்கு ஓரத்துத் தொட்டியில் உள்ள செம்பருத்தியில் இந்த வாரம் மாவுப்பூச்சி வந்திருக்கிறது. தங்கை உடனே தெளித்துவிடாமல், முதல் படத்தை எடுத்து வைத்திருக்கிறாள்.