உமரித் திட்டில் நாற்று நடுவதற்கு முன்

பிச்சாவரத்தில் படகு போகிற வாய்க்காலை விட்டுச் சற்று உள்ளே தள்ளினால், கண்டல் என்கிற அலையாத்தி மரங்கள் முடிகிற இடத்தில் மரமே இல்லாத திட்டுகள் தென்படும். சித்திரை வெயிலில் தரை பாளம் பாளமாக வெடித்து, மேலே உப்பு பூத்து, ஓரமாக உமரிச் செடி சிவந்து கிடக்கும். பார்த்தவுடனே 'இங்கே நாற்று நடலாமே' என்றுதான் தோன்றும். ஏன் அங்கே மரம் இல்லை என்று விசாரிக்காமல் நட்டால் அடுத்த சித்திரையில் வெறும் குச்சிதான் மிஞ்சும்.

இந்தக் கேள்விக்குத் தமிழகக் கடற்கரையில் உருப்படியான பதில் தேடியவர்களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் வி. செல்வமும் அவருடைய குழுவும் முக்கியமானவர்கள். வேலை 1990களில் தொடங்கியது. அதுவரை பழியெல்லாம் ஆடு மாடு மீதும் விறகு வெட்டுகிறவர்கள் மீதும்தான். இவர்கள் கை காட்டியது கூப்பு முறையை. வெள்ளைக்காரன் காலத்தில் தொடங்கி 1970கள் வரை, காட்டைக் கூப்புகளாகப் பிரித்து, முறை வைத்து மொத்தமாக வெட்டி எடுத்தார்கள். மரம் போனதும் சேற்றின் மேல் நேரடியாக வெயில் விழுந்தது. ஈரம் போய் மண் சுருங்கி அமுங்கியது. நடுவில் தாம்பாளம் மாதிரி ஒரு பள்ளம். பெரிய ஓதம் (கடலேற்றம்) விளிம்பைத் தாண்டி உள்ளே வரும், வற்றும்போது திரும்பி வடியாது. தேங்கிய நீர் ஆவியாகும், உப்பு தங்கும், அடுத்த ஓதம் இன்னும் உப்பைக் கொண்டுவந்து கொட்டும். ஆக, குறை விதையில் இல்லை, வடிகாலில் இருக்கிறது. மீன் முள் வடிவில் வாய்க்கால் வெட்டும் முறை இந்தக் கணக்கிலிருந்து வந்ததுதான். 2003ல் வெளியான செயற்கைக்கோள் பட ஒப்பீட்டில், பிச்சாவரத்தின் காட்டுப் பரப்பு ஏறக்குறைய 15 ஆண்டுகளில் சுமார் 90 சதவீதம் கூடியதாகக் காட்டியிருந்தார்கள்.

உமரி என்று ஒரே பேரில் சொல்லிவிடுகிறோம், ஆனால் அதில் பல செடிகள் அடக்கம். தரையோடு படர்ந்து, கீரையாக வேகவைத்துத் தண்ணீரை வடித்துவிட்டுச் சாப்பிடுவது சுவேடா மாரிட்டிமா. ஆள் உயரத்துக்குப் புதராக நிற்பது சுவேடா மோனோய்கா. கணுக்கணுவாக, இலையே இல்லாதது போல இருப்பது சாலிகோர்னியா. மூன்றும் உப்பை இலைச் செல்லிலோ தண்டுச் செல்லிலோ அடைத்து வைத்துத் தப்பிக்கிறவை. பச்சையாக இருந்த உமரி கோடையில் சிவப்பாக மாறினால் உப்பு ஏறிவிட்டது என்று பொருள். மோனோய்கா புதர் நிற்கிற இடம் பெரும்பாலும் மேடு, ஓதம் எப்போதாவதுதான் எட்டும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. உமரி இருக்கிற இடமெல்லாம் கெட்டுப்போன அலையாத்திக்காடு இல்லை. அமாவாசை, பௌர்ணமி ஓதம் மட்டும் எட்டிப் பார்க்கிற மேட்டில், இயற்கையாகவே அமைந்த உவர்ச் சதுப்பு அது. வலசை வரும் உள்ளான் பறவைகள் மேய்கிற இடமும் அதுதான். அங்கே வாய்க்கால் வெட்டுவது, இருப்பதைக் கெடுத்து இல்லாததை வைக்கிற வேலை. ஒரு மீட்டர் குழி தோண்டிப் பாருங்கள். மட்கிய கண்டல் வேரும் அடிக்கட்டையும் வந்தால் அங்கே ஒரு காலத்தில் காடு இருந்திருக்கிறது. வெறும் மணலும் களியும் வந்தால், பழைய வரைபடத்தையும் ஊர்ப் பெரியவர்களையும் கேட்காமல் மண்வெட்டியைத் தொடாதீர்கள்.

அடுத்தது மட்டம் பார்ப்பது. எல்லாத் தவறும் இங்கேதான் தொடங்குகிறது. இந்தக் கரையில் ஓதத்தின் ஏற்ற இறக்கம் பெரிய நாளிலேயே ஒரு மீட்டருக்குள் அடங்கிவிடும். அப்படியானால் 10 சென்டிமீட்டர் மேடு பள்ளம் என்பது தினமும் நனைகிற மண்ணுக்கும் மாதம் இரண்டு முறை நனைகிற மண்ணுக்கும் உள்ள வித்தியாசம். விலை உயர்ந்த கருவி வேண்டாம், கொத்தனார் வைத்திருக்கிற டியூப் மட்டம் போதும். 15 மீட்டர் நீளத் தெளிவான குழாயில் தண்ணீரை மெதுவாக நிரப்புங்கள். குழாயில் ஒரு காற்றுக் குமிழி மாட்டினாலும் அளவு பொய்யாகும், படிக்கும்போது இரண்டு வாயும் திறந்திருக்க வேண்டும். ஆதார முளையாகச் சவுக்குக் கம்பைச் சேற்றில் செருகினால் அது மெல்ல இறங்கும். இரும்புக் குழாயை, இனி இறங்காது என்கிற வரை அடித்து இறக்குங்கள். அளப்பவர் பலகை மேல் நிற்க வேண்டும். வெறுங்காலோடு நின்றால் கால் பதிந்தே 3, 4 சென்டிமீட்டர் போய்விடும்.

ஓதம் எவ்வளவு ஏறுகிறது என்று பார்க்க, மூங்கில் குச்சியில் தண்ணீரில் கரைகிற போஸ்டர் கலர் பூசி, ஓட்டை போட்ட பி.வி.சி. குழாய்க்குள் நிறுத்துங்கள். அலை தெறிக்காது, எட்டிய உயரம் வரை சாயம் கரைந்திருக்கும். குறைந்தது 15 நாள், முடிந்தால் 30 நாள். அஷ்டமி நவமி நாளில் மட்டும் பார்த்துவிட்டு 'இங்கே தண்ணீரே வராது' என்று எழுதிய அறிக்கைகள் உண்டு.

அதைவிடப் பெரிய பொறி பருவம். வங்கக் கடலின் சராசரி நீர்மட்டம் நம் கரையில் ஐப்பசி, கார்த்திகையில் உயர்ந்தும், மாசி, பங்குனியில் தாழ்ந்தும் இருக்கும். ஓதமே இவ்வளவு சின்னதாக இருக்கிற இடத்தில் இந்தப் பருவ வித்தியாசம் ஆளைக் கவிழ்த்துவிடும். நவம்பரில் அளந்து வெட்டிய வாய்க்காலில் ஏப்ரலில் நண்டுகூட நனையாது. பிச்சாவரத்துக்குக் கடல் நீர் வருகிற சின்னவாய்க்கால் முகத்துவாரத்தில் மணல் சேர்ந்தால் சங்கதி இன்னும் மோசம். ஆகவே கோடை மட்டத்தை வைத்தே ஆழத்தைத் தீர்மானியுங்கள்.

மட்டம் எவ்வளவு முக்கியம் என்று தெரிய வேண்டுமானால் சுனாமி விவாதத்தைப் பாருங்கள். பரங்கிப்பேட்டைக் கரையில் 18 குப்பங்களை ஆராய்ந்து, அலையாத்தி உயிர்ச்சேதத்தைக் குறைத்தது என்று கதிரேசனும் ராஜேந்திரனும் 2005ல் எழுதினார்கள். அதே தரவை எடுத்து, கடலிலிருந்து இருந்த தூரமும் தரையின் உயரமுமே பெரும்பகுதியை விளக்கிவிடுகின்றன என்று 2006ல் மறுப்பு வந்தது. மேடான இடத்தில் ஊரும் காடும் ஒன்றாக இருந்தால் எது காப்பாற்றியது என்று பிரித்துச் சொல்வது எளிதல்ல.

உப்பை அளக்கும்போது மேலே தேங்கிய தண்ணீரை எடுக்காதீர்கள். வேர் குடிப்பது மண்ணுக்குள் இருக்கிற நீரை. ஒரு அங்குல பி.வி.சி. குழாயின் கீழ் 15 சென்டிமீட்டரில் ரம்பத்தால் கீறல் போட்டு, நைலான் துணி சுற்றி, 30 சென்டிமீட்டர் ஆழத்தில் இறக்கி, மேலே மூடி போடுங்கள். முதலில் ஊறுகிற நீரை உறிஞ்சிக் கொட்டிவிட்டு அடுத்து ஊறுவதை எடுங்கள். கலங்கலாக இருந்தால் தெளிய விடுங்கள், இல்லாவிட்டால் உப்பை அளக்கிற ரிஃப்ராக்டோமீட்டரில் கோடு மங்கலாகத்தான் தெரியும். கருவி பொதுவாக ஆயிரத்துக்கு 100 பங்கு உப்பு வரைதான் காட்டும். அதைத் தாண்டினால் சம அளவு காய்ச்சி வடித்த நீர் கலந்து, வருவதை இரட்டிப்பாக்குங்கள். இதே கணக்கில் கடல் நீர் 35. மண் நீர் 60ஐத் தாண்டினால் உப்பை நன்றாகத் தாங்குகிற வெண்கண்டல் மரமே குட்டையாகிவிடும். 90 என்றால் நாற்றை மறந்துவிட்டு வடிகாலைப் பாருங்கள். இன்னொரு அலையாத்தி மரமான சுரபுன்னைக்கு இவ்வளவெல்லாம் தாங்காது.

வாய்க்கால் வெட்டுவதில் சில விஷயங்கள். இயற்கையான ஓடையிலிருந்து தலைமை வாய்க்கால் சாய்வாகப் பிரிய வேண்டும், கிளைகள் அதிலிருந்து இரு பக்கமும் சாய்வாக. செங்கோணத்தில் வெட்டினால் திரும்புகிற இடத்தில் வேகம் குறைந்து வண்டல் படியும். கரையைச் செங்குத்தாக விட்டால் முதல் மழையிலேயே சரியும். மேலே அகலமாகவும் அடியில் குறுகலாகவும் சரிவாக இருக்கட்டும், அந்தச் சரிவுதான் நாற்றங்காலும். அடிமட்டம் ஓடையை நோக்கித் தாழ வேண்டும், பள்ளத்தின் மிகத் தாழ்ந்த புள்ளியைவிடக் கீழே இருக்க வேண்டும். உள்முனையிலிருந்து தொடங்கி வாயைக் கடைசியில் உடைத்தால் தண்ணீரில் நின்று வெட்ட வேண்டியதில்லை.

வெட்டிய மண்ணை வாய்க்கால் ஓரமாக நீளக் குவிப்பது வழக்கமான கோளாறு. வரப்பாகிவிடும், ஓதம் பக்கவாட்டில் பரவாது. இடைவெளி விட்டுப் பரத்துங்கள். அந்தக் கறுப்பு மண்ணில் இரும்பும் கந்தகமும் சேர்ந்த பைரைட் இருக்கும். காற்றுப் பட்டுக் காய்ந்தால் அமிலமாகி, மழையில் கரைந்து வாய்க்காலுக்கே திரும்பும்.

நடவு இதற்கெல்லாம் பிறகு. மழை மண்ணிலிருந்து உப்பைக் கழுவுகிற வடகிழக்குப் பருவத்தில் வெண்கண்டல் விதையை, மேல்தோல் கழலும் வரை நீரில் ஊறவைத்து, சரிவின் நடுவில் ஊன்றுங்கள். உச்சியில் வைத்தால் காயும், அடியில் வைத்தால் மூழ்கிப் பாசி மூடும். சுரபுன்னைக்கு, மரத்திலேயே முளைத்துத் தொங்குகிற முளைக்குச்சியில் மூன்றில் ஒரு பங்கு மண்ணுக்குள். மாடு வருகிற பக்கம் முதல் இரண்டு வருடம் வேலி வேண்டும், கண்டல் இலை அதற்குப் பிடித்த தீனி.

பணம் நடவு நாளோடு தீர்ந்துவிடுகிற திட்டங்களில் விட்டுப்போவது தூர்வாருதல். முதலில் அடைபடுவது வாய்க்கால் வாய்தான். ஒரு பெருமழைக்குப் பிறகு அங்கே நாலு விரற்கடை வண்டல் சேர்ந்தாலே வடிகால் நின்று, உள்ளே பழைய தாம்பாளம் திரும்பிவிடும். ஒவ்வொரு தை மாதமும் அந்த ஒரு இடத்தை மட்டுமாவது டியூப் மட்டத்தோடு போய்ப் பாருங்கள்.